யோகம் அக்கா புதைத்த கத்தரிக்காய்

யோகம் அக்கா போய்விட்டார் என்று எனக்குச் சொன்னவர் சல்லிக் கடற்கரைக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவரும் சைக்கிள்காரர். நான் வேலை செய்யும் கந்தோர் வாசலில் நின்றபடியே சொன்னார். உடனே புறப்பட்டேன். சோதனைச்சாவடியில் பாதையை மூடியிருந்தார்கள். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சல்லிக்குப் போகும் வழியில் இருந்த அவருடைய தோட்டம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கணவர் காணாமற்போன பிறகு, தனியாகக் கொத்தி, தண்ணீர் இறைத்து உண்டாக்கிய ஒரு ஏக்கர். யூரியா உரத்தில் வெடிமருந்து செய்துவிடுவார்கள் என்று இராணுவம் அதைச் சாவடி தாண்ட விடாத போர்க்காலம். விவசாயப் போதனாசிரியரான நான், நகரத்து மலக்குழிகளில் பவுசர் லொறி உறிஞ்சியெடுக்கும் கழிவைக் காயவைத்து, வைக்கோலோடு மக்கவைத்துப் போடலாம் என்று ஊரூராகச் சொல்லித் திரிந்தேன். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அக்கா மட்டும் சிரித்தார். “படிச்ச பிள்ளை சொல்லுது. கொண்டு வாங்கோ தம்பி, நான் போடுறன்.”

முதற்போகம் நன்றாகத்தான் வந்தது. அடுத்த போகத்துக்குப் பவுசர் கொட்டிவிட்டுப் போனதும் அக்கா குனிந்து முகர்ந்தார். “தம்பி, இது பீ மணமில்லை. கார் பற்றரித் தண்ணி மாதிரியெல்லோ மணக்குது.”

“காய்ஞ்சாப் போயிடும் அக்கா” என்றேன். என் வாய்க்கொழுப்பு!

கத்தரி இலைகள் ஓரத்தில் கருகின. காய்கள் மட்டும் பளபளவென்று இருந்தன. மனம் கேட்காமல் மண்ணையும் காயையும் பரிசோதனைக்கு அனுப்பினேன். பதில் வந்த அன்று அக்கா காய் பறித்துச் சாக்குகளில் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டிலும் ஈயம். பவுசர்காரர் ஒரு பற்றரிப் பட்டறையின் கழிவையும் அதே தாங்கியில் ஏற்றியிருக்கிறார்.

“ஆருக்கும் தெரியாது அக்கா. இந்தமுறை வித்துப்போட்டு, அடுத்த போகத்துக்கு யோசிப்பம்” என்றேன். இதை எழுதக் கை கூசுகிறது.

அக்கா கட்டிய சாக்கொன்றை அவிழ்த்தார். “அகதி முகாமுக்குப் போற காய் தம்பி. சின்னப் பிள்ளையள் தின்னுங்கள். என்னால ஏலாது.”

அன்றே கிடங்கு வெட்டி அத்தனையையும் புதைத்தார். அந்த மண்ணில் பிறகு ஒரு கீரை விதைகூடப் போடவில்லை. சல்லிக் கரையில் கருவாடு காயவைக்கும் கூலிக்குப் போனார்.

புதைத்த அன்று சனம் கூடிவிட்டது. “ஆரின்ர கதையைக் கேட்டு இந்தக் கோதாரியைக் கொட்டினனீ?” என்று ஒருவர் ஏசினார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை.

“ஒருத்தரும் சொல்லேல்ல. என்ர பேராசைதான்.”

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் வேலை போயிருக்கும். பிறகு மன்னிப்புக் கேட்கப் போனபோது, “உங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கு தம்பி. விடுங்கோ” என்று சொல்லித் தேத்தண்ணி தந்தார். அந்தப் பெருந்தன்மைக்குப் பின்னால் நான் இத்தனை காலம் ஒளிந்திருந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டுவந்த அக்காவின் மகள், போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அம்மா ஆசைப்பட்டு மண்ணைக் கெடுத்ததை மட்டும் எழுதிப்போடாதேங்கோ மாமா.”

மகளே, உங்கள் அம்மா மண்ணைக் கெடுக்கவில்லை. கெடுத்தவன் நான். எனக்காக அவர் சுமந்த பழி ஒன்றுதான் அக்காவின் நினைவாக இனி என்னிடம் இருக்கப்போகிறது. அந்தப் பழியை என் பெயர் போட்டே அச்சடியுங்கள்.