விளம்பரம் வராத விளையாட்டு

தோல் மண்டியின் ஷட்டரைத் தூக்கியதும் மேனேஜர் பாய் முதலில் கையில் எடுப்பது சாவிக்கொத்தையோ சரக்குக் கணக்கையோ அல்ல, செல்போனை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, இன்றைக்கு எந்த விளையாட்டை ஓசியில் விடுகிறார்கள் என்று தேடுவார். கிடைத்துவிட்டால் என்னையும் கூப்பிடுவார். "ஏம்மா, காசுக்கு விக்கிறத இன்னிக்கு மட்டும் சும்மா குடுக்குறான். நீயும் ஏத்திக்க."

பேகம்பூரில் இருந்த அந்த மண்டியில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். லோடு ஏற்றுகிறவர்கள் செத்த நேரம் சிரித்துப் பேசினாலே முகத்தைச் சுளிக்கிற மனிதர் அவர். அவருக்கு மீன் பிடிக்கிற விளையாட்டும் பூ அடுக்குகிற விளையாட்டும் எதற்கு? எனக்கு மண்டை குடைந்தது. அதைவிட வேடிக்கை, எதையும் அவர் ஆடமாட்டார். திறந்து மேசைமேல் வைத்து, நாலு தட்டுத் தட்டிவிட்டு, திரையையே உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். டீ ஆறி ஆடை படியும். நடுவில் விளம்பரம் குதித்துவிட்டால் போச்சு, அந்த நிமிஷமே அழித்துவிடுவார். ஓசியில் வந்ததை இப்படிச் சலித்து எடுக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஒருநாள் கேட்டுவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

அவர் மனைவி பாயம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. நல்லவேளை, பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. விரலை ஆட்டிக்கொண்டே இருந்தால் கை திரும்பும் என்றார் டாக்டர். ரப்பர் பந்தைக் கொடுத்தால் அந்த அம்மா சுவரோரம் உருட்டிவிட்டாராம். சரி, போனில் விளையாடட்டும் என்று கொடுத்தால், பாதியில் விளம்பரம் வருகிறது. அதை மூடுகிற இன்டு மார்க் கடுகு அளவுக்கு இருக்கிறது. நடுங்குகிற விரல் வேறெங்கோ பட்டு, எதையெதையோ திறந்துவிடுகிறது. "இதுகூட என்னால முடியலையான்னு அழுதுட்டா. காசு போட்டு விக்கிறதுல விளம்பரம் வராதாம்ல. அதான் அது ஓசியில வர்ற அன்னிக்குப் புடிச்சு வைக்கிறேன்."

"வாங்கிரலாமே பாய்?"

"கார்டு நம்பரெல்லாம் கேக்குது. பயமா இருக்கும்மா." பிறகு குரலை இறக்கினார். "தங்கச்சி மக கல்யாணம் வருது. இவ தூக்கி வளத்த புள்ள. நாலு பேரோட சகன்ல ஒக்காந்து பீச்சாங்கையில திங்க மாட்டேன், வரவே மாட்டேன்னுட்டா."

ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்பது சகன். அதில் இடது கையை விடுவதா? பாயம்மாவின் ரோஷம் எனக்குப் புரிந்தது. ஆனால் பாய் ஏற்றிக் கொடுத்த மீனும் பூவும் அவருக்குப் பிடிக்கவில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

"அவங்களுக்கு என்னதான் புடிக்கும் பாய்?"

ரொம்ப யோசித்தார். "என்னைய ஏசப் புடிக்கும்."

"எதுக்கு ஏசுவாங்க?"

"சந்துல வண்டிய நிறுத்தத் தெரியலன்னு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதோடு ஒரு யோசனையும் வந்தது. நெருக்கியடித்து நிற்கிற கார்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, மாட்டிக்கொண்ட காரை வெளியே விடுகிற விளையாட்டு ஒன்று இருந்தது. தட்ட வேண்டாம், விரலை வைத்து இழுத்தால் போதும். ஆனால் அது காசுக்கு விற்பது. இரண்டு பேரும் காத்திருந்தோம். ஒரு காலையில் டவுன்பஸ்ஸில் நின்றபடி பார்க்கிறேன், ஓசி என்று போட்டிருந்தது. பஸ்ஸிலிருந்தே பாய்க்குப் போன் போட்டேன்.

மறுநாள் பாய் புது மனிதராக வந்தார். "பூராவும் மொட்டப் பசங்க நிறுத்துன வண்டின்னு ஏசிக்கிட்டே இழுக்குறாம்மா. சோறு ஆறுது, போன வைக்க மாட்டேங்குறா." அதற்குப் பிறகு தினமும் காலையில் எனக்குச் செய்தி வந்துவிடும். நேற்று இழுத்தது ஆள்காட்டி விரல், இன்று நடுவிரலும் சேர்ந்துகொண்டது என்று. எல்லாம் விளையாட்டால்தான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. இருந்தாலும் அந்தக் கார்களுக்கு ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இப்போது வேறு கடையில் இருக்கிறேன். எத்தனையோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாயிற்று, பாயின் தங்கச்சி மகள் கல்யாணப் பந்தி மட்டும் மறக்காது. பெண்கள் பக்கம் பாயம்மா என்னை இழுத்துத் தன் சகனிலேயே உட்காரவைத்தார். வலது கையைச் சோற்றில் வைத்தார். பிசைந்து எடுத்ததில் பாதி வழியிலேயே சிந்தியது. நாங்கள் எங்கள் பக்கத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம். மறுபடி எடுத்தார். வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு பாய் நின்றிருந்தார்.

"ஏங்க, பொம்பளைக சாப்புடுற எடத்துல ஒங்களுக்கு என்ன வேல?"

"தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்."

"தண்ணியெல்லாம் இருக்கு. கறி வைக்கச் சொல்லுங்க."

பாய் நகரவில்லை.

"கேக்குதா?"

"கேக்குது" என்றார் பாய். அப்புறமும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.