வைஸ் பூட்ட ஒரு கட்டை

போன ஞாயிறு டயகமத் தோட்டத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு இரும்புக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்தேன். சிரிக்காதீங்க. அண்ணன் கொழும்புக்குப் புறப்படும்போது என்னிடம் ஒப்படைத்துப் போன ஒரே வேலை அதுதான்.

இரும்பு என்றால் வைஸ். சாமானை இரண்டு தாடைக்கு நடுவில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றி இறுக்கி, அராவவும் அறுக்கவும் பிடித்துக்கொள்ளுமே... அது.

அண்ணன் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்தார். ஃபெக்டரியை மூடினார்கள். மெஷினெல்லாம் லொறி ஏறியது. இந்த வைஸ் மட்டும் பின்பக்கம் மழையில் கிடந்தது. கடைசியில் பழைய இரும்புக்காரர் அள்ளிக்கொண்டு போக, அண்ணன் பின்னாலேயே ஓடி அதை வாங்கி வந்தார்.

அண்ணி கேட்டது ஒரே கேள்விதான். “ஏங்க, இத அவிச்சா வேகுமா?”

அண்ணனுக்குக் கணக்கு வேறு. சுற்றிலும் மரக்கறித் தோட்டங்கள். மருந்தடிக்கிற டேங்க், தண்ணிப் பம்ப், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி — எது கெட்டாலும் டவுனுக்குத்தான் ஓட வேண்டும். தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்து வாசலிலேயே ஒரு சின்ன ரிப்பேர் வேலை தொடங்கினால், ஐம்பது தாண்டின வயசில் கொழும்புக் கடையில் மூட்டை தூக்கப் போக வேண்டாம். அவ்வளவுதான் ஆசை. இது பேராசையா?

வைஸ் அசையவே இல்லை. ஸ்குரூவும் நட்டும் துருவேறி ஒரே கட்டியாக இருந்தது. நான் அவசரக்காரி. “பெரிய சுத்தியலால ரெண்டு போடுண்ணே” என்றேன்.

“போடி... வார்ப்பிரும்பு இது. கோவப்பட்டா வெடிச்சிரும்.”

டீசலில் ஊறவிட்டார். நட் இருக்கிற இடத்தைச் சூடாக்கி மெழுகுதிரியைத் தேய்த்தார். மெழுகு உருகி ஸ்குரூவின் மரைக்குள் இறங்கியது. சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். கைப்பிடியை ஒரு நூல் முன்னால், ஒரு நூல் பின்னால்... நாள் கணக்கில் இதே வேலை. ஒரு சாயங்காலம் ‘க்ரீச்’ என்று ஒரு சத்தம். சுற்றிவிட்டது! அண்ணி அடுப்பை விட்டு ஓடி வந்தார். மூன்று பேரும் மாறி மாறிச் சுற்றிப் பார்த்தோம்.

வைஸ் ஆடக்கூடாது. ஆடினால் வேலை நடக்காது. அதனால் வாசலோரம் குழி வெட்டி, ஒரு மரக்கட்டை நட்டு, அடியில் கொஞ்சம் சிமெந்து போட்டார். வந்தது வினை. தோட்டத்தில் தகரம் அடிக்கலாம், பலகை சாத்தலாம், நிர்வாகம் கண்ணை மூடிக்கொள்ளும். சிமெந்து மட்டும் ஆகாது. சிமெந்து போட்டால் அங்கேயே இருக்கப் போகிறோம் என்று அர்த்தமாம். நாலு தலைமுறையாக வேறெங்கே இருந்தோமாம்?

மறுநாள் காலையிலேயே கண்டாக்கு ஐயா — தோட்ட மேனேஜர் துரைக்குக் கீழே வேலைகளை மேற்பார்க்கிறவர் — வாசலில் வந்து நின்றார்.

“என்னப்பா, கட்டடம் கட்டுறியாமே?”

“கட்டடமில்லீங்க ஐயா. வைஸ் பூட்ட ஒரு கட்ட.”

“அதெல்லாம் சரிவராது. ஒடச்சிரு. தொர பாத்தா என் தலதான் உருளும்.”

“ஆடுனா வேல செய்ய முடியாதுங்களே...”

“அப்ப தூக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணு செஞ்சுக்க.”

தூக்கிட்டுப் போற மாதிரி! வாய் திறக்கப் போனேன், அண்ணி கையைப் பிடித்து அமுக்கிவிட்டார்.

அண்ணன் உடைத்தார். இந்தத் தடவை பெரிய சுத்தியல்.

ஆனாலும் விடவில்லை. ஒரு நீளப் பலகையில் வைஸைப் பூட்டி, மறு முனையில் கல் மூட்டை ஏற்றினார். அரத்தை இழுத்தால் பலகையும் கூடவே வந்தது. கொழுந்தெடுத்துக் களைத்து வந்த அண்ணியிடம் அண்ணன், “செத்த இதுல உக்காரேன்” என்றார்.

“நாள் முழுக்க மல ஏறி எறங்கிட்டு வந்து, நான் இங்க ஒரு மூட்டையா?” என்று திட்டிக்கொண்டே அண்ணி உட்கார்ந்தார். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி “என்னக்கா, ஊஞ்சலா?” என்று கேட்க, லயமே சிரித்தது. வெட்கத்தில் அண்ணி சட்டென்று எழ, பலகை எகிறியது. யாரோ நம்பிக் கொடுத்த பம்ப் மூடி விழுந்து உடைந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் வேலை கொண்டு வரவில்லை. டவுனில் கடை எடுக்க வாடகைக்கு எங்கே போவது? அண்ணன் பை கட்டினார்.

துருப்பிடித்த இரும்பு டீசலுக்கும் பொறுமைக்கும் இளகிவிடுகிறது. குடியிருக்கிற காணியை எங்களுக்கே எழுதித் தருகிற விஷயத்துக்கும் தேர்தலுக்குத் தேர்தல் யாராவது வந்து எண்ணெய் போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஒரு நூல் அசையக் காணோம்.

ஞாயிறு நான் வைஸ் பக்கத்தில் இருக்கும்போதே அண்ணன் ஃபோனில் அழைத்தார்.

“எண்ண போட்டியா?”

“போட்டேண்ணே. ஒரு விரல்ல சுத்துது. உனக்கு அங்க என்ன வேல?”

“ஹார்ட்வெயார் கடையில மூட்ட தூக்குறேன்.”

“என்ன மூட்ட?”

“சிமெந்து.”