பிளாஸ்டர் ஒட்டிய சுவிட்ச்

எங்கள் ஈப்போ மருத்துவமனையின் அறுவை அறையில், விளக்குச் சுவிட்சின் குறுக்கே பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். ஒட்டியவர் தலைமைத் தாதி. எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். உடம்பு திறந்திருக்கும்வரை விளக்கு அணையக் கூடாது என்பது அவர் சட்டம். இளம் வயதில், தோட்டத்து மருத்துவமனையில் அறுவையின் நடுவே கரண்ட் போய், டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவராம். அவருக்குக் கீழே தாதியாக இருந்த எனக்கும் அந்தப் பயம் புரிந்தது. ஆனால் அதை எத்தனை ஆண்டுகள் கட்டிக்கொண்டு அழுவது?

புதிய கேமரா வந்தபோது வம்பு தொடங்கியது. புற்றுநோய்க் கட்டியை எடுத்தபின் இரத்தக் குழாயில் ஒரு சாயத்தை ஏற்றி, அறையை இருட்டாக்கிப் பார்த்தால், இரத்தம் ஓடும் தோல் திரையில் ஒளிரும்; ஓடாத இடம் கறுப்பாகத் தெரியும். அந்த இடத்தை வெட்டிவிட்டுத் தைத்தால் புண் பிரியும் ஆபத்து குறையும். இருட்டு இல்லாவிட்டால் கேமரா வெறும் தண்டம். பயிற்சிக் காலத்தில் சிஸ்டரிடம் திட்டு வாங்கி வளர்ந்த டாக்டர், ஒவ்வொரு முறையும் கெஞ்சுவார்.

“ரெண்டு நிமிஷம்தான் லா, சிஸ்டர்.”

“தோல தொட்டுப் பாருங்க டாக்டர், சூடா இருக்கு. எதுக்கு இருட்டுல தடவணும்?”

டாக்டர் ஊசியை எடுத்துத் தைக்கத் தொடங்குவார். சிஸ்டர் லீவு எடுக்கும் நாளில்தான் கேமராவுக்கு வாழ்வு.

ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து மீன் லோரி ஓட்டும் ஒருவர் தொடையில் கட்டியோடு வந்தார். அன்று சிஸ்டர் லீவில் இல்லை. விளக்கு அணையவில்லை. பத்தாம் நாள் தையலோரம் கறுத்துப் புண் பிளந்துகொண்டது. அது ஆறாமல் கதிர்வீச்சைத் தொடங்க முடியாது. கட்டு மாற்றப் போகும்போதெல்லாம், “மிஸ்ஸி, கரண்ட் எப்ப வைப்பாங்க?” என்று அந்தச் சிகிச்சையைப் பற்றித்தான் கேட்பார். வாரக்கணக்கில் கேட்டார். புண் ஆறுவதற்குள் கட்டி மறுபடி தலைகாட்டிவிட்டது. சிஸ்டர் ஒருநாள் வந்து புண்ணைப் பார்த்தார். ஆனால் பிளாஸ்டரை எடுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்று சுவிட்சுக்கு ஓரடி தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் நான்தானே.

ஓய்வு பெற்றுத் தாப்பாவில் இருந்த சிஸ்டர், சென்ற மாதம் எங்கள் அறுவை மேசைக்கே வந்தார். அவருக்கும் தொடையில்தான் கட்டி. பிளாஸ்டரை நான் எப்போதோ பிய்த்துப் போட்டிருந்தேன். பசைத்தடம் மட்டும் சுவிட்சில் இருந்தது. படுத்தபடியே அதைப் பார்த்தார்.

“அணைக்கப் போறியா?”

“ஆமா, சிஸ்டர்.”

“நான் தூங்கின பெறகு அணை, புள்ள.” மயக்க மருந்து ஏறத் தொடங்கியது. “அந்த லோரிக்காரருக்கு அணைச்சிருக்கணும்.”

இதைச் சொல்ல இத்தனை ஆண்டுகளா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவர் தூங்கிவிட்டார்.

கட்டி வெளியே வந்தது. டாக்டர் தோலின் விளிம்பைத் தொட்டுப் பார்த்து, “சூடாத்தான் இருக்கு” என்றார். சாயம் ஏறியதும் நான் விளக்கை அணைத்தேன். திரையில், டாக்டர் தொட்ட அதே இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பாக இருந்தது.