பத்து நிமிடம் முந்தி

ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிய முதலாளி சலாஹுதீன், செருப்பை மாட்டிக்கொண்டே கறாராகச் சொல்லிவிட்டார்: "நான் திரும்பி வர்றதுக்குள்ள காரணத்தக் கண்டுபிடி பூவிழி. இல்லன்னா கமருன்னிஸாவ நாளையிலேருந்து வர வேணாம்னு சொல்லிடுவேன். கம்பெனி பேரு கெடுது."

பூவிழி மறுபடி சர்வர் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒரத்தநாட்டுப் பக்கம் நடவு நட்ட குடும்பத்தில் பிறந்து எம்.சி.ஏ. படித்தவள். கூடப் படித்தவர்கள் பெங்களூர், அமெரிக்கா என்று பறந்துவிட, இவள் மட்டும் தஞ்சாவூரில் இந்தக் கம்பெனியின் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை இங்கே பெண்கள் கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். எப்போது எடுத்தார்கள், எப்போது முடித்தார்கள் என்று சர்வர் குறித்துக்கொள்ளும்.

அந்த நேரந்தான் பேய் பிடித்ததுபோல் ஆடியது. டைப் அடிக்கும் கமருன்னிஸாவின் சில ஃபைல்கள், எடுப்பதற்கு முன்பே முடிந்ததாகக் காட்டின. எங்காவது நடக்குமா இந்தக் கூத்து? அமெரிக்காக்காரன், நேரத்தைத் திருத்தி ஏமாற்றுகிறாள் என்று எழுதிவிட்டான். ஏமாற்றத் தெரிந்தவள் இவ்வளவு அசட்டுத்தனமாகவா திருத்துவாள்! அதை யார் கேட்டார்கள்?

கமருன்னிஸா பையை எடுத்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அவரு வாயால கேக்குறதுக்கு முந்தி நானே போயிடுறேன்க்கா. ரெண்டு மணிக்குப் பேராவூரணி பஸ் இருக்கு. திருடிப் பட்டத்தோட இங்க உக்கார முடியாது."

"கொஞ்சம் இருடி!"

அவள் இருக்கவில்லை. ரோஷக்காரி. ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால் ஆள் திரும்ப மாட்டாள் என்று பூவிழிக்குத் தெரியும்.

ஒரு வாரமாகப் பூவிழி பார்க்காத இடம் இல்லை. பேட்டரியை மாற்றினாள், வயரை மாற்றினாள். சர்வர் இன்டர்நெட் வழியாகச் சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும். போன் லைன் அறுந்தால், எப்போதும் அணைக்காத சலாஹுதீனின் கம்ப்யூட்டர் மணியைப் பார்த்து ஓடும். அப்படி அமைத்தவள் அவள்தான். தப்பு தன்னுடையதோ என்ற பயம் வேறு நெஞ்சை அரித்தது.

லைன் போய்ச் சற்று நேரமாகியிருந்தது. "சனியனே!" என்று மோடத்தைத் திட்டிவிட்டு, அவர் வந்துவிடப் போகிறாரே என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சர்வரைப் பார்த்தாள். இரண்டும் ஒரே நேரம் காட்டின.

காட்டவே கூடாது. அந்தக் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுவது. பஸ் தாமதமாகி ஒரு முறை துபாய் விமானத்தைக் கோட்டை விட்டவர் சலாஹுதீன். அன்றிலிருந்து வீட்டிலும் ஆபீஸிலும் எல்லாக் கடிகாரத்தையும் முந்தி வைப்பார். புதிதாகச் சேருகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

அவர் அறைக்கு ஓடினாள். அவருடைய கம்ப்யூட்டரும் பத்து நிமிடம் முந்தி! லைன் போனால் சர்வர் முன்னே தாவுகிறது, வந்தால் பின்னே தாவுகிறது. பின்னே தாவுவதற்குச் சற்று முன் சின்ன ஃபைலை எடுத்து, பத்து நிமிடத்துக்குள் மளமளவென்று முடித்தால், எடுக்கும் முன்பே முடித்ததாகத்தான் காட்டும். அந்த வேகம் கமருன்னிஸா ஒருத்திக்குத்தான் உண்டு. பாவி மகள், வேகமாக அடித்ததுதான் அவள் செய்த குற்றம்!

சலாஹுதீன் தொப்பியோடு உள்ளே வந்தார்.

"சார், உங்க கம்ப்யூட்டர்ல மணிய மாத்துனீங்களா?"

"ஆமா, பெருநாள் லீவு முடிஞ்சு வந்து பத்து நிமிஷம் கூட்டி வச்சேன். என் மேசையில இருக்கறதுதானே, அதுக்கென்ன?"

"அதப் பாத்துத்தான் சார் சர்வர் ஓடுது." அவருடைய கம்ப்யூட்டரைக் காட்டினாள். "கமரு ஒண்ணும் பண்ணல."

அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"எங்க அந்தப் புள்ள?"

"ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போயிட்டா சார்." சுவரில் மணி இரண்டைத் தொட்டிருந்தது. பூவிழி அதையே பார்த்தாள்.

"அத ஏம்மா பாக்குற? நான் வச்சதுதானே அது. பஸ் இன்னும் நிக்கும், வா!" ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

பஸ் உறுமிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரம் கமருன்னிஸா. சலாஹுதீன் கீழே நின்று, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்கச் சொன்னார்: "இறங்கும்மா. தப்பு என்னுது."

அவள் அவரைப் பார்க்கவில்லை. பின்னால் மூச்சு வாங்க நின்ற பூவிழியைப் பார்த்தாள்.

"மணி சரியாயிடுச்சாக்கா?"

"சரியாயிடுச்சுடி. பையை எடு."