சங்கு ஊதினால் எழுகிறவர்கள்

அப்பா இருக்கும் மறதி நோயாளிகள் இல்லத்துக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஒருவர் வருவார். ஒல்லியான உடம்பு, தொளதொளவென்று ஒரு டீசர்ட். நடக்கிறவர்களுக்கு முன்னால் கைகளை ஏந்தியபடி பின்பக்கமாகவே நடப்பார். யாரையும் தொட மாட்டார்.

பக்கத்துப் பனியன் கம்பெனியில் மாலைச் சங்கு ஊதும்போதுதான் பயிற்சி. அந்தச் சத்தம் கேட்டால் இல்லத்திலிருக்கும் பழைய டெய்லர், கட்டிங் மாஸ்டர், அப்பா எல்லோரும் வேலை முடிந்ததென்று எழுந்து கிளம்புவார்கள். முன்பெல்லாம் அப்போதுதான் விழுவார்களாம். எப்படியும் எழுகிறவர்களை எதற்கு உட்காரவைப்பது என்று இவர் நடக்கப் பழக்கினார்.

ஒருநாள் அப்பா லேசாகத் தள்ளாடினார். "ஐயோ, புடிங்க!" என்று பாய்ந்த மாவீரன் நான், நாற்காலி தடுக்கிக் குப்புற விழுந்தேன். அப்பா என்னைச் சுற்றிக்கொண்டு நிதானமாகப் போனார்.

"ஏனுங்க, அவரைப் புடிக்க வந்து நீங்க உழுந்தா, நான் ஆரைப் புடிக்கறதுங்க?" என்றார் பயிற்சிக்காரர்.

முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன். "இதெல்லாம் செஞ்சா அப்பா உழவே மாட்டாருங்களா?"

"உழுவாருங்க. கொஞ்சம் தள்ளிப்போடறோம், அவ்வளவுதானுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிக்கும் லீவு, பயிற்சிக்காரருக்கும் லீவு. சங்கு ஊதாமலேயே அப்பா எழுந்துவிட்டார். இடுப்பெலும்பு உடைந்தது. இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போதும் சங்கு ஊதினால் போர்வைக்குள் அப்பாவின் பாதங்கள் அசைகின்றன. பயிற்சிக்காரர் கட்டிலோரம் வந்து, கைகளை ஏந்தி, "வாங்க சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்று மெல்லப் பின்பக்கமாக நடக்கிறார். எதற்கென்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிற ஆள்.