ஐந்தாவது கையெழுத்து

புதுக்கடை நீதிமன்றக் கந்தோரில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தபோது, கவுண்டரில் இருந்த பெண் என் விலாசத்தில் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "மே மெரிச்ச கெனாகே எட்ரஸ் எக்கனே. மாத்தயாகே எக்க?" இது செத்தவரின் விலாசமல்லவா, உங்களுடையது எங்கே என்று கேட்கிறாள். கொழும்பில் விலாசம் எழுதச் சொன்னால் என் கை தானாகவே கொட்டாஞ்சேனை வீட்டைத்தான் எழுதும். பிறந்த வீடு. இருபத்தேழு வருசம் கனடாவில், ஸ்காபரோவில் பனி வழித்தும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. அதுவும் என் வீடுதான் என்று துருப்பிடித்த சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். அவள் என்ன விளங்கினாளோ, "அப்படியென்றால் கடைசிவரைக்கும் அவரோடு இருந்தது நீங்களா?" என்று இரக்கத்தோடு கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, எழுதியதை வெட்டி ஸ்காபரோ விலாசத்தை எழுதினேன்.

கடைசிவரைக்கும் அண்ணனோடு இருந்தது பிலோமினாக்கா. அண்ணன் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர், கலியாணம் கட்டாதவர். பாரிசவாதம் வந்து விழுந்த நாளிலிருந்து பதினொரு வருசம், கிராண்ட்பாஸிலிருந்து சமைக்க வந்த இந்த விதவைதான் அவரைக் குளிப்பாட்டினார், ஊட்டினார், செபமாலை சொல்லித் தூங்கவைத்தார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்தேன். "என்ன அண்ணை, சுகமோ?" என்று கேட்டேன். என் பங்கு அவ்வளவுதான்.

அப்படியிருந்தும், தன் மரணசாதனத்தை, அதாவது உயிலை, நிறைவேற்றும் வேலையை அண்ணன் என் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். "எக்ஸிகியூட்டர் எண்டால் பெரிய மரியாதையல்லோ" என்று கனடாச் சிநேகிதர்கள் சொன்னார்கள். மரியாதையாம்! மரணச் சான்றிதழின் பிரதிகளைப் பிளாஸ்டிக் உறையில் இடுக்கிக்கொண்டு வங்கி, பென்சன் கந்தோர், மின்சாரக் கந்தோர் என்று ஏறி இறங்கி, ஒவ்வொரு கவுண்டரிலும் என் அண்ணனை நான் புதிதாகச் சாகடிக்கவேண்டியிருந்தது. கனடாவில் மாமனார் செத்தபோது எல்லாம் தபாலிலும் தொலைபேசியிலும் முடிந்தது. ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை. இங்கே "ஐயோ, என்ன வருத்தம் வந்தது?" என்று உச்சுக்கொட்டிவிட்டு, நாளைக்கு வரச் சொல்கிறார்கள். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. களைத்துப்போனேன்.

மரணசாதனம் ஒரே பக்கம்தான். அண்ணன் தன் கையாலேயே எழுதியது. வீடு பிலோமினாவுக்கு, மிச்சம் மீதி எல்லாம் தம்பிக்கு. பத்திரம் எழுதும் நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சி வேண்டும் என்பது அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. நற்கருணை கொண்டுவரும் கோயில் சபைக்காரர் மூன்று பேர், கீழ்வீட்டுக்காரர் ஒருவர், ஐந்தாவதாகப் பிலோமினாக்கா. வெள்ளவத்தையில் லோயர் அந்தத் தாளைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றினார். "சொத்தை வாங்குற ஆளே சாட்சி வைச்சா, அவவுக்கு எழுதினது செல்லாது. மற்றதெல்லாம் செல்லும்."

"அப்ப வீடு?"

"மிச்சம் மீதியோட சேர்ந்திடும். உங்களுக்குத்தான்."

பொய் சொல்ல மாட்டேன். அந்த நிமிசம் எனக்குள் ஒரு சந்தோசம் எட்டிப் பார்த்தது, வெட்கங்கெட்ட சந்தோசம். பனிக்காலத்துக்கு வந்து இருக்கலாம், கோயில் மணி கேட்டு எழும்பலாம் என்று கணக்குப் போட்டது மனம். அதோடு கனடாவுக்குத் திரும்பினேன். மரணசாதனத்தை நீதிமன்றம் ஏற்பதற்கான வழக்கு ஒரு வருசம் இழுத்தது. அந்த ஒரு வருசமும் நான் பிலோமினாக்காவிடம் வாயே திறக்கவில்லை. போனில் அவர் "வீட்டுக்கு வெள்ளை அடிக்கட்டோ தம்பி?" என்று கேட்கும்போதெல்லாம் "அடியுங்கோ" என்றேன். என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும்.

போன மாதம் வந்து, வெள்ளை அடித்த அந்த வீட்டில் அவர் போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை.

"அண்டைக்கு நல்ல மழை தம்பி. வாறன் எண்ட ஒராள் வரேல்ல. நான் தேத்தண்ணி கொண்டுபோனனான். 'நீயும் வை பிலோமினா, வீடு வாங்குறவளே சாட்சி எண்டால் நாளைக்கு ஒருத்தரும் கேள்வி கேட்கேலாது' எண்டார். வடிவா எழுதவேணும் எண்டு பழைய கொப்பியில ரெண்டுதரம் எழுதிப் பார்த்திட்டுத்தான் வைச்சனான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப நான் எப்ப போகவேணும்?"

அந்தக் கேள்விக்கு நான் அழுதுவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில், அண்ணனின் படத்துக்கு முன்னால் குந்தியிருந்து அழுதேன்.

அடுத்த நாளே அவரைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். வீட்டை நன்கொடையாக எழுதிக் கொடுக்கலாம் என்றார் லோயர். அந்த வாரத்துக்குள் உறுதிப் பத்திரம் தயாரானது. நான் கையெழுத்து வைத்தேன். "வாங்குறவ ஏற்றுக்கொண்டன் எண்டு வைக்கவேணும்" என்று லோயர் தாளைப் பிலோமினாக்காவின் பக்கம் தள்ளினார். அவர் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"திரும்பவும் கையெழுத்தோ? மாதாவே! ஒருக்கா வைச்சுப் பட்டது காணும். நான் வைக்கமாட்டன்."

"அக்கா, அது வைச்சதால போனது. இது வைச்சால்தான் வரும்."

"உங்கட சட்டத்துக்குக் கண்ணில்லையோ?" என்று லோயரை முறைத்தார். லோயருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பிலோமினாக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, முத்து முத்தாக எழுதி முடித்தார்.

காணிக் கந்தோரில் பதிந்ததும் எனக்கொரு பிரதி அனுப்பவேண்டும் என்றார் லோயர். "சேர், உங்கட கொழும்பு விலாசம்?"

என் கை பேனையைத் தேடியது. எழுத ஒன்றும் இல்லை. ஸ்காபரோவைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பிலோமினாக்கா முந்திக்கொண்டார்.

"என்ர வீட்டு விலாசத்தைப் போடுங்கோ. தம்பி வந்தால் அங்கதானே நிப்பார்."

லோயர் எழுதினார். நான் பிறந்த வீட்டின் இலக்கம், அதே ஒழுங்கை, அதே கொட்டாஞ்சேனை. அதற்கு மேலே என் பெயர். இரண்டுக்கும் நடுவில், அடுத்தவர் வீட்டில் தங்குகிறவருக்குப் போடுவதுபோல, "மேற்பார்வை: திருமதி பிலோமினா."