ஒரே ஒரு வீட்டுக்கு இடம்

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆர்லிஸ் ஹௌகனுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. காபியை ஊற்றுவாள், குடிக்காமல் எழுந்துபோய் ஜன்னலோரம் நிற்பாள். வயது அறுபத்திரண்டு. கணவன் இறந்து ஒன்பது வருஷமாக, மொன்டானா மலையடிவாரத்தில் நூற்றிருபது மாடுகளைத் தனியாளாகக் கட்டி மேய்ப்பவள். பதறுகிறவள் என்று அவளை யாரும் சொன்னதில்லை.

காரணம் சமையலறை மேஜையில் கிடந்த வரைபடம். பக்கத்துப் பண்ணை கைமாறித் துண்டு துண்டாகி, இப்போது மேட்டுக்கு மேடு விடுமுறை வீடுகள். தன் மேய்ச்சல் நிலத்துக்கும் பைன் காட்டுக்கும் அந்தக் கதி வேண்டாம் என்று ஆர்லிஸ், நிலங்களைக் கட்டடம் வராமல் காக்கும் ஓர் அறக்கட்டளையோடு ஒப்பந்தம் பேசியிருந்தாள். நிலம் அவளுடையதுதான். மாடு மேய்க்கலாம், புல் அறுக்கலாம், விற்கவும் செய்யலாம். மனை போட மட்டும் முடியாது. பின்னால் யார் வாங்கினாலும் அதே கட்டுப்பாடு, என்றென்றைக்கும். புதிதாக ஒரே ஒரு வீட்டுக்கு இடம் விட்டுக்கொள்ளலாம். அது எங்கே என்று இப்போதே வட்டம் போட்டாக வேண்டும்.

அந்த வீடு மகள் கெண்ட்ராவுக்கு. அவள் ஸ்போகேன் நகரத்தில் நர்ஸ். சின்ன வயதில் அவளுக்குப் பிடித்த இடம் ஆஸ்பென் மரங்களுக்குக் கீழே இருந்த பள்ளம். ஆர்லிஸ் அங்கே வட்டம் போட்டாள், அழித்தாள், மறுபடி அங்கேயே போட்டாள். வரைபடத்தில் அந்த இடம் தேய்ந்து பஞ்சு பஞ்சாகிவிட்டது.

ஏப்ரலில், கன்று போடும் சமயத்தில், பனிப்புயல் அடித்தது. இரண்டு நாள் கழித்து டிராக்டரில் புல் கொண்டுபோனபோது அநேகமாக மந்தை மொத்தமும் அந்தப் பள்ளத்தில்தான் ஒண்டிக்கிடந்தது. திறந்தவெளியில் நின்ற இரண்டு கன்றுகள் விறைத்துச் செத்துப்போயிருந்தன. பள்ளத்தில் இருந்தவை அத்தனையும் எழுந்து பால் குடித்துக்கொண்டிருந்தன. காற்றுப் படாத இடம் அது ஒன்றுதான். அங்கே வீடு வந்தால் மாடுகள் எங்கே போகும்?

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கெண்ட்ரா திருப்பிக் கேட்டாள்:

"அம்மா, நான் திரும்பி வர்றேன்னு எப்பவாச்சும் சொன்னேனா?"

"வரலன்னும் சொல்லலையே."

"எனக்கே தெரியாதும்மா. நான் எங்க இருக்கணும்னு நீ பென்சில வச்சிக்கிட்டு முடிவு பண்ணாத. மாட்டுக்கு எது நல்லதோ அதப் பண்ணு."

போனை வைத்த பிறகும் ஆர்லிஸ் அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தாள். அவளுக்குக் கோபம்தான் வந்தது. மகள் சொன்னது நியாயமாக இருந்ததால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவதென்று தெரியவில்லை.

மறுவாரம் அறக்கட்டளையிலிருந்து மரிசா என்ற பெண் வந்தபோது, வரைபடத்தில் வட்டம் இடம் மாறி, தார்ச்சாலை ஓரத்தில், பழைய சரளைக் குழிக்குப் பக்கத்தில் இருந்தது. மரிசா இரண்டு முறை குனிந்து பார்த்தாள்.

"இங்கயா? யாராச்சும் இங்க வீடு கட்டுவாங்களா?"

"வீடு வேணும்னா கட்டுவாங்க. மலையப் பாக்கணும்னா மேல நடந்து போகட்டும்."

மே மாதம் கையெழுத்தானது. அதன்பின் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. இல்லாத வீட்டுக்காகத் தினமும் காலையில் சாலையோரம் போய் நின்றாள்.

கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் வேலைக்கு ஜூனில் கெண்ட்ரா வந்தாள். வேலை முடிந்ததும், யாரும் சொல்லாமலே சரளைக் குழிப் பக்கம் போனாள்.

"லாரிச் சத்தம் கேக்குமேம்மா."

"கேக்கும்."

கெண்ட்ரா காலடியால் நீளத்தை அளந்தாள், பிறகு அகலத்தை. வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பதுபோல ஒரு தரம் திரும்பி நின்றாள். பிறகு காரில் ஏறிப் போய்விட்டாள். ஆர்லிஸ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புல்வெளிக்குத் தண்ணீர் திருப்பப் போனாள்.